பவுடர் பாலை எப்போது மாற்ற வேண்டும்? கைக்குழந்தையின் வயிற்றுத் தொல்லையும் டப்பா வகைகளும்

பிறந்து இரண்டு மாதம் ஆன குழந்தை. தாய்ப்பால் போதாமல் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் கக்கிவிடுகிறது. சாயங்காலம் ஆனால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறது. இரண்டு நாளாக வெளிக்கும் போகவில்லை. "இந்தப் பால் பிள்ளைக்குச் சேரலை, வேற டப்பா மாத்திப் பாருங்க" என்று வீட்டுக்கு வருபவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார். மருந்துக்கடைக்குப் போனால் லாக்டோஸ் இல்லாதது, சோயா, ஏ.ஆர்., எச்.ஏ., ஆட்டுப்பால் என்று அலமாரி நிறைய டப்பாக்கள். விலையும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம்.

எதை எடுப்பது என்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குழந்தைக்கு வந்திருப்பது எந்தத் தொல்லை? கக்குவது, அழுவது, முக்குவது, பேதியாவது, மலத்தில் ரத்தம் வருவது என எல்லாவற்றையும் "வயிறு சரியில்லை" என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். இவற்றின் காரணங்கள் வெவ்வேறு. சிலவற்றுக்குப் பாலின் வகையை மாற்றினால்தான் தீரும். பலவற்றுக்கு எந்த மாற்றமும் வேண்டாம்; குடல் முதிர முதிரத் தானாகச் சரியாகிவிடும்.

## டப்பாவுக்குள் இருப்பது என்ன

மருத்துவர்கள் ஃபார்முலா என்று சொல்லும் பவுடர் பால், பெரும்பாலும் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பக்கத்தில் வரும்படி மாற்றியமைத்தது. 100 மி.லி. பசும்பாலில் புரதம் சுமார் 3.3 கிராம், தாய்ப்பாலில் 1 கிராம் அளவுதான். பசும்பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அமிலம் பட்டதும் கெட்டியாகத் திரள்வது இதன் குணம். எலுமிச்சம்பழம் பிழிந்த பால் பனீர் கட்டியாகத் திரள்வது இதனால்தான். தாய்ப்பாலில் கேசின் குறைவு, வே என்ற புரதம் அதிகம். அதனால் குழந்தையின் இரைப்பையில் சன்னமாகத் திரிந்து சீக்கிரம் செரிக்கிறது. போதாததற்குப் பசும்பாலில் சோடியம் அதிகம், இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயது ஆகும்வரை பசும்பாலையோ பாக்கெட் பாலையோ முக்கிய ஆகாரமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். தண்ணீர் கலந்து நீர்க்கக் கொடுத்தால் புரதம் குறையும், ஆனால் கூடவே கொழுப்பும் குறைந்துவிடும்; இல்லாத இரும்பும் வந்துவிடாது.

ஃபார்முலாவில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேச அளவில் கோடெக்ஸ் என்ற உணவுத் தர அமைப்பின் தரநிர்ணயம் இருக்கிறது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. கரைத்த பால் 100 மி.லி.க்கு 60 முதல் 70 கலோரி தர வேண்டும் என்பது கோடெக்ஸ் வரம்பு. புரதம், கொழுப்பு, வைட்டமின்களுக்கும் இப்படி வரம்புகள் உண்டு. ஆகவே ஒரு கம்பெனியின் சாதாரண முதல் நிலை (பிறந்ததிலிருந்து ஆறு மாதம்வரை கொடுப்பது) டப்பாவுக்கும் இன்னொரு கம்பெனியுடையதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. வாரத்துக்கு ஒரு பிராண்டாக மாற்றும் பெற்றோர், பெயரை மாற்றுகிறார்களே தவிர பாலை மாற்றுவதில்லை.

## லாக்டோஸ் வேறு, பால் புரதம் வேறு

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. "பால் சேரவில்லை" என்ற ஒரே வாக்கியம் இரண்டு வேறு பிரச்சினைகளைக் குறிக்கலாம்.

லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். அது சிறுகுடலின் உள்பரப்பில் சுரக்கிறது. அது குறைந்தால் சர்க்கரை உடையாமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும். வாயு, உப்புசம், நுரைத்துத் தண்ணீராகப் போகும் பேதி, ஆசனவாயைச் சுற்றிச் சிவந்து புண்ணாவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

பால் புரத அலர்ஜியில் சர்க்கரைக்கு எந்தப் பங்கும் இல்லை. கேசினையோ வே புரதத்தையோ உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாக நினைத்துக்கொள்கிறது. மலத்தில் ரத்தக் கீற்று, சளி, விடாத பேதி, எடை ஏறாமை, தோலில் கரப்பான், சில குழந்தைகளுக்குக் குடித்த சில நிமிடங்களிலேயே தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி என்று அது வெளிப்படும்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மலத்தில் ரத்தம் வரும் குழந்தைக்கு "பால் ஒத்துக்கலை" என்று லாக்டோஸ் இல்லாத டப்பா வாங்கிக் கொடுக்கிறார்கள். பல லாக்டோஸ் இல்லாத டப்பாக்களில் பசும்பால் புரதம் முழுசாக அப்படியே இருக்கிறது. அலர்ஜி அடங்காது, குழந்தை இன்னும் சில வாரம் வேதனைப்படும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தாய்ப்பாலில்தான் லாக்டோஸ் மிக அதிகம்: 100 மி.லி.க்கு சுமார் 7 கிராம், பசும்பாலைவிடக் கூடுதல். கைக்குழந்தையின் குடல் லாக்டோஸைச் செரிப்பதற்கென்றே அமைந்தது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத நிலை மிக மிக அரிது. பெரியவர்களுக்கு வரும் லாக்டோஸ் செரியாமை, நொதி வயதோடு குறைவதால் வருவது. கைக்குழந்தைக்கு அது பொருந்தாது. "எனக்கும் பால் ஆகாது, பிள்ளைக்கும் அப்படித்தான்" என்று அப்பாவோ அம்மாவோ முடிவு கட்டிவிட வேண்டாம்.

மலத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் லேப் பரிசோதனையை வைத்தும் அவசரப்படக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே அதில் கொஞ்சம் காட்டலாம். அந்தத் தாளைக் காரணமாக வைத்துத் தாய்ப்பாலை நிறுத்துவது பெரிய இழப்பு.

## முதலில் கலக்கும் விதத்தைப் பாருங்கள்

டப்பாவில் குறை தேடுவதற்கு முன்னால் அடுப்படியில் ஒருமுறை நின்று கவனியுங்கள். பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு ஸ்கூப் என்று போட்டிருக்கும். ஆனால் ஸ்கூப்பின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய டப்பாவின் ஸ்கூப்பைப் புது டப்பாவில் போட்டுக்கொண்டால் அங்கேயே கணக்கு தவறிவிடும்.

60 மி.லி. பால் கலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி இரண்டு ஸ்கூப்பைக் குவித்து எடுக்கிறார். "கெட்டியா இருந்தாத்தான் பசி தாங்கும்" என்று இன்னொரு அரை ஸ்கூப் போடுகிறார். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் தலைதட்டி அளந்தாலே அந்த அரை ஸ்கூப்பினால் பாலின் அடர்த்தி கால் பங்கு கூடிவிடும். குவித்து அளந்தால் அதற்கும் மேல். விளைவு: மலம் இறுகும், தாகம் எடுக்கும், தாகத்துக்கு அழுவதைப் பசி என்று நினைத்து மறுபடி அதே கெட்டிப் பால் கொடுப்பார்கள். டப்பா தீர்ந்துவிடுமே என்று நீர்க்கக் கலப்பது இதைவிட ஆபத்து. எடை ஏறாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

சரியான முறை இது:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புட்டியையும் நிப்பிளையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பாலாடையோ சங்கோ பழக்கமென்றால் இன்னும் நல்லது. இடுக்கு இல்லாததால் சுத்தம் செய்வது சுலபம்.

2. முதலில் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், அப்புறம்தான் பவுடர். பவுடரைப் போட்டுவிட்டு 60 என்ற கோடுவரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்துவிடும்.

3. ஸ்கூப்பை அமுக்காமல் எடுத்து, கத்தியின் பின்புறத்தால் தலைதட்ட வேண்டும்.

4. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆபட் நிறுவனத்தின் ஆலையை 2022இல் மூடியது குரோனோபாக்டர் பற்றிய அச்சத்தால்தான். ஆகவே தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குமுன் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

5. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும்.

அளவும் முக்கியம். முதல் சில மாதங்களில் ஒரு நாளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 150 மி.லி. என்பது பொதுக் கணக்கு. நான்கு கிலோ குழந்தைக்கு 600 மி.லி. அதற்கு வெகு அதிகமாகப் புகட்டிவிட்டு, கக்குகிறது என்று பாலைக் குறை சொல்வது நிறைய வீடுகளில் நடக்கிறது. நிப்பிள் துளை பெரிதாக இருந்தால் பால் மடமடவென்று இறங்கும். மிகச் சிறிதாக இருந்தால் குழந்தை காற்றை உறிஞ்சும். இரண்டும் தொல்லைதான். சர்க்கரை, பனங்கற்கண்டு, பிஸ்கட் பொடி, அரிசி மாவு எதையும் புட்டியில் கலக்க வேண்டாம். தேன், ஒரு வயதுவரை கூடவே கூடாது.

## எந்தத் தொல்லைக்கு என்ன

கலப்பதில் தவறில்லை என்று உறுதியான பிறகு, தொல்லையை அடையாளம் காணலாம்.

1. கக்குவது, எதுக்களிப்பது. உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே உள்ள வால்வு இன்னும் பலப்படாததால் வருகிறது. நான்காவது மாதம்வரை கூடி, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். எடை நன்றாக ஏறி, முகம் தெளிவாக இருக்கும் குழந்தைக்கு எந்தச் சிறப்பு டப்பாவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்து, ஏப்பம் விடவைத்து, 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். ஏ.ஆர். என்று போட்ட டப்பாக்களில் அரிசி மாவுச்சத்தோ காரோப் பசையோ சேர்த்துப் பாலைக் கெட்டியாக்கியிருப்பார்கள். கக்குவதன் எண்ணிக்கை குறையும். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கெட்டிப்பால் எதுவும் கொடுக்கக் கூடாது.

2. சாயங்கால அழுகை. கோலிக் என்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் என்ற கணக்கை வெஸ்ஸல் என்ற மருத்துவர் 1954இல் வகுத்தார். இன்றும் அதை ஒரு அளவுகோலாகச் சொல்கிறார்கள். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் அடங்கும். இது பாலின் குற்றம் என்பதற்குப் பெரும்பாலான குழந்தைகளிடம் ஆதாரம் இல்லை. டப்பாவை மாற்றிய இரண்டாவது வாரத்தில் அழுகை குறைந்தால் புகழ் டப்பாவுக்குப் போய்விடுகிறது. பல சமயம் குழந்தையின் வயதுதான் காரணம். அழுகையோடு கரப்பானோ ரத்தமோ சேர்ந்திருந்தால் மட்டும் அலர்ஜியை நினைக்க வேண்டும். இரவு பகலாக அழும் குழந்தையோடு இருக்கும் தாய்க்கு ஒரு மணி நேரம் தூங்க வழி செய்வது, புது டப்பாவைவிடப் பெரிய உதவி.

3. முக்குவதும் மலச்சிக்கலும். பத்து நிமிடம் முகம் சிவக்க முக்கி அழுது, கடைசியில் மலம் இளகலாகவே வருகிறதா? அது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தும்போது ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பதைக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதெல்லாம் அந்தப் பழகுதலைத் தள்ளிப்போடும், புண்ணும் ஆக்கும். ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகி வந்தால்தான் மலச்சிக்கல். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் சற்றுக் கெட்டியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஃபார்முலாக்களில் பாம் எண்ணெய் சேர்க்கிறார்கள். அதிலுள்ள பால்மிடிக் அமிலம் குடலில் பிரிந்து கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி இறுகிவிடுகிறது. தாய்ப்பாலிலும் அந்த அமிலம் உண்டு, ஆனால் அது கொழுப்பு மூலக்கூறின் நடுவில் கட்டுண்டிருப்பதால் அப்படிப் பிரிவதில்லை. அதனால் மலம் உண்மையிலேயே இறுகும் குழந்தைக்கு, பொருள் பட்டியலைப் பார்த்து பாம் எண்ணெய் இல்லாத சாதாரண டப்பாவுக்கு மாறிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இரும்புச்சத்துதான் காரணம் என்று அது குறைந்த பாலைத் தேட வேண்டாம். ஃபார்முலாவில் உள்ள அளவு மலத்தை இறுக்குவதில்லை, இரும்பு இல்லாவிட்டால் ரத்தசோகைதான் வரும்.

4. பேதிக்குப் பிறகு நிற்காத பேதி. வைரஸால் குடலின் உள்பரப்பு அரிபட்டால் லாக்டேஸ் கொஞ்ச நாளைக்குக் குறையும். இது தற்காலிகம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாகமும் கொடுக்க வேண்டும். பேதி இரண்டு வாரம் நெருங்கியும் நிற்காமல், குழந்தை பவுடர் பாலை மட்டுமே நம்பியிருந்தால், லாக்டோஸ் இல்லாத டப்பாவை மருத்துவர் சில வாரத்துக்கு எழுதிக் கொடுப்பார். குடல் ஆறியதும் பழைய பாலுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த டப்பாவை ஆறு மாதம் தொடர்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.

5. பால் புரத அலர்ஜி. இதற்கு மட்டும் பாலின் வகையே மாற வேண்டும். எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு என்று எழுதிய டப்பாவில் புரதத்தை எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கியிருப்பார்கள். அதிலும் அடங்காதவர்களுக்கும், எடுத்த எடுப்பிலேயே கடுமையாக இருப்பவர்களுக்கும் அமினோ அமில ஃபார்முலா; அதில் புரதம் அதன் கடைசித் துணுக்குகளான அமினோ அமிலங்களாகவே இருக்கும். இரண்டும் விலை கூடியவை, ருசி கசப்பு. மலம் கரும்பச்சையாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். தாய்ப்பாலும் குடிக்கும் குழந்தையென்றால், தாய் மருத்துவர் ஆலோசனையோடு பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு தாய்ப்பாலைத் தொடரலாம். தாய்க்குக் கால்சியம் மாத்திரை வேண்டியிருக்கும்.

## தவறாகக் கைக்கு வரும் மூன்று டப்பாக்கள்

எச்.ஏ. (ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது அலர்ஜி குறைந்தது) என்ற எழுத்தைப் பார்த்து அலர்ஜிக்கானது என்று வாங்கிவிடுகிறார்கள். அதில் புரதம் பாதிதான் நறுக்கப்பட்டிருக்கும். அலர்ஜி வந்துவிட்ட குழந்தைக்கு அது பாதுகாப்பில்லை.

ஆட்டுப்பால் ஃபார்முலா, வீட்டில் கறக்கும் ஆட்டுப்பால், எருமைப்பால் எதுவும் பசும்பால் அலர்ஜிக்கு மாற்றில்லை. புரதங்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்தவை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் ஆட்டுப்பாலுக்கும் அதே எதிர்வினை வரும்.

சோயா ஃபார்முலாவுக்குச் சில சரியான இடங்கள் உண்டு. கேலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் அது உயிர் காக்கும். ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு அலர்ஜியின் முதல் மருந்தாக அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. 2003இல் இஸ்ரேலில் ஒரு சோயா ஃபார்முலாவில் வைட்டமின் பி1 விடுபட்டுப்போனது. அதைக் குடித்த குழந்தைகளுக்கு நரம்பு பாதிப்பு வந்தது, சிலர் இறந்தார்கள். ஒரே உணவை நம்பி வாழும் உயிருக்கு ஒரு வைட்டமின் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வீட்டில் சோயா பாலோ பாதாம் பாலோ அரைத்துக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

டப்பா விளம்பரங்களை இந்தியத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாததற்குக் காரணம், குழந்தைப் பால் மாற்றுப் பொருள்களுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டம். விளம்பரம் கூடாது, டப்பாவில் குழந்தை படமோ தாயின் படமோ கூடாது. விற்பனைக்காக யாரும் பெற்றோரை அணுகவும் கூடாது. ஆகவே கடைக்காரர் "இது நல்லா போகுது" என்று எடுத்துத் தருவதை மருத்துவ யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறப்பு டப்பாக்களை மருந்து மாதிரியே நினையுங்கள்: சீட்டு இருந்தால் வாங்குவது, நாள் முடிந்தால் நிறுத்துவது.

## இவை இருந்தால் டப்பாவைப் பற்றிப் பேசவே நேரமில்லை

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

1. பச்சை நிற வாந்தி. குடல் அடைப்பாக இருக்கலாம்.
2. முதல் இரண்டு மாதங்களில், ஒவ்வொரு முறை குடித்ததும் எட்டிப்போய் விழும்படி பீய்ச்சி வாந்தி எடுப்பது. இரைப்பையின் வாய் தடித்து அடைபட்டிருக்கலாம்.
3. விட்டு விட்டு வீறிடலோடு, ரத்தமும் சளியும் கலந்து ஜெல்லி மாதிரி மலம்.
4. வயிறு கல்லுபோல் உப்புதல்; பிறந்து 48 மணி நேரத்தில் கருமலம் போகாதிருந்தது.
5. சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மலமும், இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள் காமாலையும்.
6. உச்சிக்குழி உள்வாங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு கிடப்பது.
7. மூன்று மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல்.
8. பால் குடித்த சில நிமிடங்களில் முகம் வீங்குவது, மூச்சுத் திணறல்.

## மாற்றிய பிறகு

ஒரு சாதாரண டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒன்று, இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று மாற்றினால் எது எதனால் வந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒரு நோட்டில் குடித்த அளவு, கக்கிய நேரம், மலத்தின் நிறம், ஈரமான துணிகளின் எண்ணிக்கை, வாராவாரம் எடை இவ்வளவும் எழுதி வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏறினால், பால் உடம்பில் ஒட்டுகிறது என்று பொருள்.

அலர்ஜி என்று சந்தேகித்து மாற்றினால் இரண்டு முதல் நான்கு வாரம் பார்ப்பார்கள். அறிகுறிகள் அடங்கியதோடு முடிவதில்லை. மருத்துவர் சொல்லும்போது பழைய பாலை மறுபடி கொஞ்சம் கொடுத்துப் பார்த்து, தொல்லை திரும்பி வந்தால்தான் அலர்ஜி என்று உறுதி. இந்தப் படியைப் பல பெற்றோர் பயத்தால் விட்டுவிடுகிறார்கள்; அதனால் அலர்ஜியே இல்லாத குழந்தையும் மாதக்கணக்கில் அந்தக் கசப்புப் பாலைக் குடிக்க நேர்கிறது. அலர்ஜி உறுதியானால் குறைந்தது ஆறு மாதம், அல்லது ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதுவரை சிறப்புப் பால் தொடரும். அப்புறம் மறுபரிசோதனை. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் என்று உடனடியாக வந்த குழந்தைகளுக்கு இதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு மருத்துவர் வீட்டிலேயே படிப்படியாகத் தொடங்கச் சொல்லலாம்: முதலில் பால் சேர்த்து நன்றாக வெந்த பிஸ்கட்டில் ஒரு சிறு துண்டு, சில நாள் பார்த்துவிட்டு ஒரு முழு பிஸ்கட், பிறகு ஒரு கரண்டி தயிர், கடைசியில் பால்.